பதினொரு சுழியங்களும் ஒரு தையல் பைண்டிங்கும்

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் பேரனுக்குப் பரிசாக அனுப்ப, அக்கல்லூரிக் கால்பந்து அணியின் 1901-ஆம் ஆண்டுப் பருவத்தைப் பற்றி நான் திரட்டி எழுதிய 96 பக்கக் கையேட்டை மூன்றே பிரதிகள் அச்சிட வேண்டியிருந்தது. கடலூரில் விசாரித்த இடங்களில் ஐம்பது பிரதிகளுக்குக் குறைந்து எடுப்பதில்லை என்று கைவிரித்துவிட்டார்கள். புதுச்சேரியில் நேரு வீதியிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் உள்ள சிறிய அச்சகம், முகம் சுளிக்காமல் மூன்று பிரதிக்கும் ஒப்புக்கொண்டது. அங்கே கிடைத்த வேலையின் தரத்தையும், அங்கே போகிறவர்கள் எதில் கண்ணாக இருக்க வேண்டும் என்பதையும் எழுதுகிறேன்.

முதலில் பைண்டிங். பதினாறு பக்க ஃபாரம் ஆறாக மடித்து, நூலால் தைத்து, முதுகுக்குத் துணி ஒட்டி, காலிகோ துணி ஒட்டிய கெட்டி அட்டை போட்டிருக்கிறார்கள். புத்தகத்தை நடுவில் விரித்து மேசையில் வைத்தால் கைவிட்டதும் மூடிக்கொள்ளாமல் படிந்து கிடக்கிறது; பசையால் மட்டும் ஒட்டிய புத்தகத்தில் இது பெரும்பாலும் நடக்காது. அணியின் நிறங்கள் நீலமும் மக்காச்சோள மஞ்சளும் என்று சொன்னேன். எழுத்துப் பதிக்கும் மஞ்சள் ஃபாயில் தாள் கையிருப்பில் இல்லை என்பதால் கருநீல அட்டையில் பொன்னிறத்தில் எழுத்துகளைப் பதித்தார்கள். பொருத்தமாகவே அமைந்துவிட்டது. அட்டையின் உட்புறத்தில், பருத்தித் துணிக் கழிவிலிருந்து புதுச்சேரியில் செய்யப்படும் கைவினைக் காகிதத்தை ஒட்டியிருக்கிறார்கள். அதன் இழைகள் விரலுக்குத் தட்டுப்படுகின்றன.

குறை இருப்பது கணினிப் பிரிவில். அக்கால ஆட்டக்காரர் ஒருவர் பந்தை இடுப்போடு அணைத்து நிற்கும் படம், திருத்தம் பார்க்க எடுக்கும் முன்அச்சான ப்ரூஃபில் ஆள் குட்டையாகவும் அகலமாகவும், கையில் உருண்டைப் பந்துடனும் வந்திருந்தது. விசாரித்தபோது அங்கிருந்த இளைஞர், “சார், பந்து முட்டை மாதிரி இழுத்துக்கிட்டு இருந்துச்சு, அதான் ரவுண்டா வர்ற மாதிரி சரி பண்ணிட்டேன்” என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மஞ்சக்குப்பம் மைதானத்தில் முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுத்த நானே, அமெரிக்கர்கள் கால்பந்து என்று சொல்வது கையில் ஏந்தி ஓடும் நீள்வட்டப் பந்தைத்தான் என்பதைப் பேரன் அங்கே போன பிறகுதான் சரியாகப் புரிந்துகொண்டேன்.

இதைவிடப் பெரிய திருத்தம் ஆட்ட முடிவுகளின் அட்டவணையில் நடந்தது. அந்தப் பருவத்தில் மிச்சிகன் 11 ஆட்டங்களில் 550 புள்ளிகள் எடுத்தது; எதிரணிகள் அனைத்தும் சேர்ந்து எடுத்தது சுழியம். எதிரணிக்கான பத்தியில் மேலிருந்து கீழ்வரை சுழியமாகவே இருந்ததைப் பார்த்து, நான் நிரப்ப மறந்த பத்தி என்று நினைத்து அதையே நீக்கிவிட்டிருந்தார்கள். நான் பதினைந்து நாள் உட்கார்ந்து எழுதியதெல்லாம் அந்தப் பதினொரு சுழியங்களுக்காகத்தான். பயிற்சியாளர் ஃபீல்டிங் யோஸ்ட் அங்கே பொறுப்பேற்ற முதல் ஆண்டு அது. பந்தை முன்னோக்கி எறிவது 1906 வரை விதிகளில் இல்லை. மூன்று முயற்சிகளுக்குள் ஐந்து கஜம் முன்னேற வேண்டும். பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிக் கொண்டுசேர்க்கும் டச்டவுன் ஒன்றுக்கு ஐந்து புள்ளிகள்தான். பெரும்பாலும் ஓடியும் முட்டியும் முன்னேற வேண்டிய அந்த ஆட்டத்தில் பஃபலோ அணியை 128-0 என்று வென்றார்கள். அந்த வரியைப் படித்த அச்சக உரிமையாளர், “இது கிரிக்கெட் ஸ்கோருங்களா ஐயா?” என்று கேட்டார். 1902 ஜனவரி 1 அன்று கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் நடந்த கடைசி ஆட்டத்தில், அதற்கு முந்தைய ஆண்டு யோஸ்ட் பயிற்சி அளித்த ஸ்டான்ஃபோர்டு அணியே எதிரே நின்றது. 49-0 என்று ஆனபோது, எட்டு நிமிடங்கள் மீதமிருந்தும் அவர்கள் கேட்டுக்கொண்டதால் ஆட்டம் முடித்துக்கொள்ளப்பட்டது. அன்று மிச்சிகன் தரப்பில் ஆடியவர்கள் தொடக்கம் முதல் இறுதி வரை அதே பதினொரு பேர். இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் இளைஞர் பத்தியை மீண்டும் சேர்த்துவிட்டார். திருத்தத்துக்குத் தனிக் கட்டணம் எதுவும் கேட்கவில்லை.

படங்களின் அச்சு சுமார்தான். பழைய புகைப்படங்களின் கருமை, 100 ஜிஎஸ்எம் எடையுள்ள மேப்லித்தோ என்ற பளபளப்பில்லாத தாளில் சாம்பல் பூத்து நிற்கிறது. படப் பக்கங்களை மட்டும் வழவழப்பான ஆர்ட் பேப்பரில் கேட்டிருக்க வேண்டும். அவர்களும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஒரு வாரம் என்று சொன்ன வேலைக்குப் பன்னிரண்டு நாள் ஆனது. பிரதிக்கு 1,150 ரூபாய். இயந்திர பைண்டிங்கோடு ஒப்பிட்டால் அதிகம். கைத்தையலுக்கு நியாயமான விலை.

ஆகவே அங்கே போகிறவர்கள் கைபேசியில் அனுப்பும் படத்தைப் பார்த்துச் சரி என்று சொல்லிவிடாமல், ப்ரூஃபைக் காகிதத்தில் எடுத்து, அட்டவணைகளை மூலத்தோடு வைத்து ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எண் தவறாக இருக்கிறதா என்பதை மட்டுமல்ல, எண் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அடுத்து, புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஜிம் தார்ப் ஆடிய, அமெரிக்கப் பழங்குடி மாணவர்களின் பள்ளியான கார்லைலின் அணி, பின்னாளில் அமெரிக்க அதிபரான ஐசனோவர் இடம்பெற்ற ராணுவக் கல்லூரி அணியை 27-6 என்று வென்ற 1912-ஆம் ஆண்டுப் பருவத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். அதையும் இதே அச்சகத்தில்தான் கொடுக்கப்போகிறேன். பந்து முட்டை வடிவம்தான் என்று முதல் பக்க மார்ஜினிலேயே சிவப்பு மையில் எழுதிவைத்தாயிற்று.