எக்ஸ்பியை டப்பாவில் அடைத்து நான்கு வருடம்

கோத்தகிரியில் சிறு விவசாயிகளின் பச்சைத் தேயிலைக் கணக்கு எழுதுவதுதான் என் பிழைப்பு. அதற்கு நான் வைத்திருக்கும் பழைய மென்பொருள் விண்டோஸ் எக்ஸ்பியைத் தாண்டி வர மாட்டேன் என்கிறது. மைக்ரோசாஃப்ட்டோ 2014 ஏப்ரலிலேயே எக்ஸ்பியைக் கைகழுவிவிட்டது. அதனால் உபுண்டு (லினக்ஸ் வகை) மெஷினில், கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, அதற்குள் எக்ஸ்பியை நெட் இல்லாமல் அடைத்து வைத்திருக்கிறேன். நான்கு வருடமாக ஓடுகிறது.

எக்ஸ்பிக்கு ஹார்டு டிஸ்க்காக இருப்பது உபுண்டுவில் ஒரு ஃபைல்தான். ஆரம்பத்தில் அதற்கு, தேவைக்கேற்ப வளரும் டைனமிக் டிஸ்க் வகையை எடுத்தது என் தப்பு. 40 ஜிபி என்று சொல்லிவிட்டு 3 ஜிபி மட்டும் பிடித்தபோது சந்தோஷமாக இருந்தது. உள்ளே எழுத எழுத அது வீங்கும். உள்ளே அழித்தால் தானாக வற்றாது. போதாததற்கு மாதக் கணக்கு முடிக்கும்போதெல்லாம் ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் பதிவு) வேறு. ஒருநாள் ஹார்டு டிஸ்க் நிரம்பி, பட்டுவாடா பட்டியல் பாதியில் எக்ஸ்பி அப்படியே நின்றுவிட்டது. ஸ்னாப்ஷாட்டை அழிக்கலாம் என்றால், பழைய ஃபைலோடு சேர்ப்பதற்கே தற்காலிகமாக இடம் கேட்கும். வீட்டுப் போட்டோக்களை வேறு டிஸ்க்குக்கு மாற்றிய பிறகுதான் வேலை நடந்தது. அப்புறம் 20 ஜிபி ஃபிக்ஸட் டிஸ்க்குக்கு மாறிவிட்டேன். இடம் முதலிலேயே போய்விடும், ஆனால் ஸ்னாப்ஷாட்டுகளைக் குவிக்காதவரை நடுவில் காலை வாராது.

அதைவிடப் பெரிய அடி ஒரே ஒரு வரியால் வந்தது. விர்ச்சுவல் டிஸ்க் இருப்பது இரண்டாவது ஹார்டு டிஸ்க்கில். பூட் ஆகும்போது எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில், அதை ‘எஸ்டிபி1’ என்று, லினக்ஸ் ஒவ்வொரு பூட்டிலும் கொடுக்கும் பெயரால் எழுதியிருந்தேன். ஐப்பசி மழையில் கரண்ட் போய் வந்தது. ஒரு பென்டிரைவ் செருகியபடியே இருந்ததால், பூட் ஆகும்போது அந்தப் பெயர் பென்டிரைவுக்குப் போய்விட்டது. திரையில் எமர்ஜென்சி மோட், கறுப்பில் வெள்ளை எழுத்து. வாசலில் இலை ஏஜென்ட், “அண்ணா, பில்லு ரெடியா?” என்கிறார்.

நானோ எடிட்டரில் அந்த வரிக்கு முன்னால் ஒரு # போட்டு அதை முடக்கியதும் மெஷின் எழுந்தது. பிறகு பிஎல்கேஐடி கட்டளையில் யூயூஐடியை (டிஸ்க் பிரிவின் தனி அடையாளம்) எடுத்து, பெயருக்குப் பதிலாக அதை எழுதி, டிஸ்க் கிடைக்காவிட்டாலும் பூட் நிற்காமல் இருக்க ‘நோஃபெயில்’ சேர்த்தேன். இப்போது அந்த ஃபைலைத் தொட்டால் ரீஸ்டார்ட்டுக்கு முன் அதில் உள்ள டிஸ்க்குகளை இணைத்துப் பார்க்கும் ‘மவுண்ட் -ஏ’ கட்டளையை ஓட்டிப் பார்க்காமல் விடுவதில்லை. நோஃபெயிலிலும் ஒரு குசும்பு உண்டு: டிஸ்க் இணையாவிட்டாலும் அது இணைய வேண்டிய ஃபோல்டர் காலியாக இருக்கும், தெரியாமல் அதில் காப்பி போட்டால் எல்லாம் முதல் டிஸ்க்கில் போய்க் குவியும்.

ஸ்னாப்ஷாட் அதே டிஸ்க்கில் இருப்பதால் அதை பேக்கப் கணக்கில் சேர்ப்பதில்லை. பென்டிரைவில் எடுக்கலாம் என்று போனால், ஃபேட்32 ஃபார்மட்டில் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலாக ஏறாது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றிவிட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் எக்ஸ்பியை ஷட்டவுன் செய்துவிட்டு, அதன் டிஸ்க்கான விடிஐ ஃபைலை ஏற்றுகிறேன், கூடவே ஸ்னாப்ஷாட் ஃபோல்டரையும், அமைப்புகள் இருக்கும் அந்தச் சின்ன விபாக்ஸ் ஃபைலையும்.