'தேர் கேன் பி', 'தேர் மே பி': எதை எங்கே போடுவது?

ஒன்று இருக்க வாய்ப்புண்டு என்று ஆங்கிலத்தில் சொல்ல இரண்டுமே உதவும். ஆனால் இடம் மாற்றிப் போட்டால் சேதி மாறிவிடும்.

'தேர் கேன் பி ஸ்னோ இன் லண்டன் இன் ஏப்ரல்' என்பது பொதுத் தகவல். ஏப்ரலில்கூட அங்கே பனி விழுவதுண்டு, அவ்வளவுதான். இந்த வருடம் விழுமா என்ற பேச்சே அதில் இல்லை. 'தேர் மே பி ஸ்னோ டுநைட்' என்றால் இன்று இரவுக்கான கணிப்பு. கோட்டை எடுத்து வைக்க வேண்டியதுதான். இந்த இடத்தில் 'கேன்' ஒட்டாது. நம் 'இருக்கலாம்' இரண்டுக்கும் பொருந்துவதால் நமக்குத்தான் குழப்பம்.

ஒரு சௌகரியம்: ஒருமையோ பன்மையோ, இரண்டிலும் 'பி' மாறாது. 'ஈஸ்', 'ஆர்' தொல்லை இல்லை.

எதிர்மறையில்தான் உண்மையான சிக்கல். 'தேர் மே நாட் பி எ பஸ்' என்றால் பஸ் இல்லாமலும் போகலாம். நிறுத்தம் வரை போய்ப் பார்ப்பதில் தப்பில்லை. 'தேர் கான்ட் பி எ பஸ் அட் திஸ் அவர்' என்றால் இந்நேரத்துக்கு பஸ் இருக்கவே முடியாது, பேசாமல் ஆட்டோ பிடியுங்கள். முன்னது சந்தேகம், பின்னது அடித்துச் சொல்வது.

கேள்வியில் 'மே' அநேகமாக வராது. பில்லில் தப்பு இருக்குமோ என்று கேட்க 'மே தேர் பி' என்று யாரும் தொடங்குவதில்லை. 'குட் (could) தேர் பி எ மிஸ்டேக் இன் தி பில்?' என்று கேளுங்கள். 'கேன்' போட்டாலும் புரியும், ஆனால் 'குட்' பணிவாக இருக்கும். பனிக் கணிப்புக்கும் இந்த 'குட்' தாராளமாகப் பொருந்தும்.