மட்கார்டுக்கு ஒரு வால்: நான்கு மழைக்காலம் ஓட்டிய பிறகு

சைக்கிளில் முழு நீள மட்கார்டு மாட்டிய முதல் மழைக்காலத்தில் என் சட்டை தப்பித்தது. முதுகில் ஒரு பொட்டு சேறுகூட இல்லை. செயின் மட்டும் பழையபடியே கரகரவென்றது. நனைந்த சாலையில் அரைமணி நேரம் ஓட்டிவிட்டு வந்து தொட்டுப் பார்த்தால், எண்ணெயும் மணலும் குழைந்த கருப்புப் பசை விரலில் உப்புத்தாள் போல நெருடும். முன்னும் பின்னும் மட்கார்டு இருக்கும்போது இது எங்கிருந்து வருகிறது?

நண்பரிடம் சைக்கிளைக் கொடுத்து, தேங்கிய தண்ணீரில் ஓட்டச் சொல்லி, ஓரமாகக் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். முன் சக்கரம்தான் வேலையைக் காட்டியது. டயர் தரையை விட்டு எழும் இடத்தில் தண்ணீர் பிய்த்துக்கொண்டு பின்பக்கமாக, கொஞ்சம் மேல்நோக்கிச் சீறுகிறது. அதன் வழியில் நேராக நிற்பவை பெடல் அச்சு, பல்சக்கரம், செயின், அப்புறம் நம் கால். என் முன் மட்கார்டோ தரையிலிருந்து ஒரு சாணுக்கும் மேலேயே முடிந்துவிட்டது. சட்டத்தின் சாய்ந்த குழாயை அது காப்பாற்றியது. செயினுக்கு ஒரு பயனும் இல்லை.

ஆக, முன் மட்கார்டின் கீழ் நுனியில் தொங்க ஒரு வால், அதாவது ஒரு பட்டை, வேண்டும். முதலில் பிளாஸ்டிக் பாட்டிலை வெட்டி மாட்டினேன். படபடவென்று சத்தம், மூன்றே மாதத்தில் விரிசல். அடுத்து பழைய டியூப். அது ரொம்பத் தொளதொள. கொஞ்சம் வேகம் எடுத்தாலே காற்றில் பின்னால் மடங்கிக்கொள்ளும், தண்ணீர் அதன் அடியிலேயே போய்விடும். மூன்றாவதாகத்தான் தடித்த ரப்பர் ஷீட். மேலே மட்கார்டின் அகலம், கீழே உள்ளங்கை அகலம் என்று விசிறி போல வெட்டினேன். ஹேண்டில் திரும்பும்போது தண்ணீர் பக்கவாட்டில் தப்பிக்கப் பார்க்கும், அதற்காகத்தான் கீழே அகலம். தரைக்கு மேலே மூன்று விரல் இடைவெளி. பெரிய வாஷர் வைத்து இரண்டு போல்ட். போல்ட்டின் தலை டயர் பக்கம், நட்டு வெளியே. மாற்றி மாட்டினால் போல்ட்டின் முனை டயரை அறுக்கும்.

இதற்குப் பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது. செயின் தேய்மானத்தைச் சாதாரண ஸ்கேலாலேயே அளக்கலாம்: புதுச் செயினில் 24 கண்ணி சரியாக 12 அங்குலம். அது 1/16 அங்குலம் கூடினால் மாற்றும் நேரம். 1/8 வரை விட்டால் பல்சக்கரமும் சேர்ந்து போயிருக்கும். வால் இல்லாத காலத்தில் ஒரே மழைக்காலத்தில் அந்த 1/16 வந்துவிட்டது. இப்போதுள்ள செயின் இரண்டாவது மழைக்காலத்தையும் தாண்டிவிட்டது. வாரம் ஒருமுறை பழைய துணியால் துடைத்துவிட்டு எண்ணெய் விடுகிறேன், அவ்வளவுதான். துடைக்காமல் எண்ணெய் மட்டும் விடுவது மணலுக்கு விருந்து வைக்கிற மாதிரி.

குறைகள் இல்லாமல் இல்லை. பின் கியரில் தொங்கும் இரண்டு குட்டிச் சக்கரங்களில் அழுக்கு இன்னும் சேரத்தான் செய்கிறது. பின் டயருக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அதற்கு வழியில்லை. களிமண் பாதையில் போனால் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் மண் அடைத்துக்கொள்ளும், இறங்கிக் குச்சியால் நோண்ட வேண்டும். பின் மட்கார்டுக்கும் ஒரு பட்டை மாட்டியிருக்கிறேன். அதனால் என் செயினுக்கு லாபம் ஏதும் இல்லை, பின்னால் வருபவர் முகத்துக்குத்தான்.

ஒருமுறை படியில் சைக்கிளைப் பின்பக்கமாக இறக்கினேன். முன் பட்டை படியின் விளிம்பில் மாட்டி மடங்க, டயர் அதன்மேல் ஏறி, மட்கார்டையே கீழே இழுத்துவிட்டது. மட்கார்டைத் தாங்கும் கம்பிகள் இரண்டும் கோணல். அன்றிலிருந்து முன் சக்கரத்தைத் தூக்கித்தான் இறக்குகிறேன். முன் மட்கார்டின் கம்பி, இழுபட்டால் தானாகக் கழன்றுகொள்ளும் வகையாக இருப்பது நல்லது. குச்சி ஏதாவது உள்ளே புகுந்து சக்கரம் பூட்டிக்கொண்டால் ஆள் ஹேண்டிலைத் தாண்டி விழ வேண்டியதுதான். மற்றதிலெல்லாம் சிக்கனம் பார்ப்பேன், இதில் மாட்டேன்.

இப்போதிருக்கும் பட்டையின் ஒரு மூலை தேய்ந்து சுருண்டிருக்கிறது. அடுத்த மழைக்கு முன்னால் இன்னொன்று வெட்ட வேண்டும், இந்தத் தடவை அரை விரல் குட்டையாக.