ஆழமான தொட்டிக்குப் பவள விளக்கு வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

சிங்கப்பூரில் கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு, அதிலும் உயரமான தொட்டியில் முதன்முதலாக மென்பவளம் வளர்க்க நினைப்பவர்களுக்கு இதை எழுதுகிறேன். "விளக்கு, பவளம், வீட்டுக்கு வந்து பொருத்தும் கூலி, எல்லாம் சேர்த்து ஒரே விலை" என்று யாராவது சொன்னால் பணப்பையைத் திறக்காதீர்கள். எனக்கு அப்படி விற்றவர் ஏறக்குறைய 900 வெள்ளி வாங்கிக்கொண்டு, மங்கிய ஒளியில் வாழும் பவளத்தை வெளிச்சத்தின் உச்சியில் ஒட்டினார். வெளிச்சம் தேவைப்படுவதை இருட்டு மூலையில் வைத்தார். அவை வாடத் தொடங்கியதும் இன்னொரு விளக்கையும் என் தலையில் கட்டினார். பணத்தைத் திரும்பக் கேட்டு நடுவர் மன்றத்தில் நான் கொடுத்த கோரிக்கை நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. விற்ற விதத்தை மட்டும் விவரமாகச் சொல்கிறேன்.

தொட்டி எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு வரவேற்பறையில் இருக்கிறது. நீளம் 120 செ.மீ., அகலம் 60, உயரம் 75. வீடு மாறிப்போன ஒருவரிடமிருந்து வாங்கியது; அவர் மீன் மட்டுமே வளர்த்தார். நீர்மட்டத்துக்கு 20 செ.மீ. மேலே விளக்கைத் தொங்கவிட்டால், அடியிலுள்ள மணல் விளக்கிலிருந்து 90 செ.மீ. தூரத்தில் கிடக்கும். ஆழத் தொட்டியின் தொல்லை இதுதான். பாறையின் உச்சியில் வெயில் கொளுத்தும்போது மணலில் அந்தி சாய்ந்திருக்கும். ஒரே விளக்கின்கீழ் இரண்டு தட்பவெப்பம் என்றுகூடச் சொல்லலாம். இதைப் புரிந்துகொண்டு விற்பவர் நல்ல வியாபாரி. புரிந்துகொண்டே மறைப்பவரை என்னவென்று சொல்வது?

அவர் முதலில் காட்டியது பெட்டியின்மேல் இருந்த எண்களை: 165 வாட், "90 செ.மீ. ஆழம் வரை". வாட் என்பது விளக்கு எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்பதற்கான கணக்கு. பவளத்துக்கு என்ன கிடைக்கிறது என்பதை அது சொல்லாது. நான் தயங்குவதைப் பார்த்ததும் கைப்பேசியை எடுத்து, வெளிச்சம் அளக்கும் செயலி ஒன்றைத் திறந்து விளக்கின்கீழ் நீட்டினார். திரையில் பெரிய எண் ஓடியது. "பாருங்கள் தம்பி, இதற்குமேல் என்ன சான்று வேண்டும்? ஆழத்துக்கென்றே குறுகிய லென்ஸ் போட்டிருக்கிறோம். வெளிச்சம் சிதறாமல் அடிவரை இறங்கும்" என்றார்.

கைப்பேசி காட்டுவது லக்ஸ். மனிதக் கண்ணுக்கு எவ்வளவு வெளிச்சமாகத் தெரிகிறது என்பதற்கான அளவு அது. பச்சைப் பக்கம், 555 நானோமீட்டர் அருகே, அதற்கு மதிப்பு அதிகம். பவளத்தின் திசுவுக்குள் குடியிருந்து அதற்கு உணவு தயாரிப்பவை சூசாந்தெல்லே என்னும் ஒற்றைச்செல் பாசிகள். அவை ஆவலாக உண்பது நீல ஒளியை. நீலம் மிகுந்த பவள விளக்கை லக்ஸால் அளப்பது கோதுமையைப் படியில் வாங்கி முழத்தில் கணக்குப் பார்ப்பதற்குச் சமம். இங்கே செல்லுபடியாகும் அளவு 'பார்': 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளித்துகள்கள், ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் விழுகின்றன என்பது. பெட்டிக்குள் இருந்த தாளில் 'பார்' அட்டவணையும் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. கீழே எறும்பு எழுத்தில், காற்றில், நேர் நடுவில் அளந்தது என்று போட்டிருந்தார்கள். என் பவளங்கள் காற்றில் வாழ்வதில்லை. எல்லாம் நேர் நடுவில் உட்காரவும் முடியாது.

குறுகிய லென்ஸ் வெளிச்சத்தை அடிவரை இறக்கும் என்பதில் பொய் இல்லை. நடுவில் மட்டும் இறக்கும் என்பதை அவர் சொல்லவில்லை. லென்ஸ் வெளிச்சத்தை உண்டாக்குவதில்லை. பக்கவாட்டில் போக வேண்டியதை நடுவில் குவிக்கிறது, அவ்வளவுதான். 120 செ.மீ. நீளமுள்ள தொட்டிக்கு அப்படிப்பட்ட ஒற்றை விளக்கை விற்றால் நடுப்பாறை வறுபடும், இரு முனைகளும் இருண்டுபோகும். கடையில் இது தெரியாததற்குக் காரணம் இருக்கிறது. அங்கே பவளங்கள் ஒரு சாண் ஆழமே உள்ள தட்டுத் தொட்டிகளில், நெருக்கமாகத் தொங்கும் நீல விளக்குகளின்கீழ் இருக்கின்றன. அந்த நீலத்தில் எதுவும் மின்னும். பாதி வெளுத்த பவளம்கூடப் பச்சையாகவும் ஆரஞ்சாகவும் ஒளிரும். வெள்ளை விளக்கைப் போட்டுக் காட்டுங்கள் என்று கேட்டதற்கு, "பவளத்துக்கு அது ஆகாது" என்றார். ஐந்து நிமிட வெள்ளை வெளிச்சத்தால் எந்தப் பவளமும் சாவதில்லை. வெள்ளையில் காட்ட மறுக்கும் கடையில் நின்றுகொண்டிருப்பதே வீண்.

பொருத்த வந்த அன்று அவர் கொண்டுவந்த பவளத் துண்டுகளைப் பார்த்தேன். தோல் பவளத்தின் காம்பில் வெட்டிய பக்கம் பால்வெள்ளையாக இருந்தது. விளிம்பு மூடவில்லை, சளி இழை இழையாகப் பையில் தொங்கிக்கொண்டிருந்தது. பவளத் துண்டை உட்கார வைக்கும் சிறு அடிக்கட்டையான பீங்கான் பிளக்கோடு அதை ஒரு ரப்பர் வளையம் பிடித்திருந்தது. தாய்ப் பவளத்திலிருந்து அறுத்துப் பையில் போட்டு நேரே கொண்டுவந்திருக்கிறார்கள். புண் ஆறி, தானே பிளக்கைப் பற்றிக்கொண்ட துண்டைத்தான் விற்க வேண்டும். அதற்குச் சில வாரம் கடைத் தொட்டியில் இடம் கொடுக்க வேண்டும். இடம் என்றால் காசு.

வைத்த முறைக்கு வருகிறேன். "ஆழத் தொட்டி, அதனால் சின்னதெல்லாம் மேலே" என்றார். காளான் பவளங்களை நடுப்பாறையின் உச்சியில், விளக்கின் நேர்கீழே ஒட்டினார். தோல் பவளம் உயரமாக வளரும், கீழே இருந்தால்தான் அழகு என்று சொல்லி அதை வலது மூலை மணலில் நட்டார். பொத்தான் போன்ற சிறு தலைகளோடு கூட்டமாக வளரும் சோவாக்கள் அதன் பக்கத்தில். பச்சை நட்சத்திரப் பாலிப் என்னும் பவளத்தை முதன்மைப் பாறையிலேயே, எல்லாவற்றுக்கும் நடுவில் வைத்தார். அந்தப் பாலிப் பாயைப் போல் படர்ந்து பக்கத்தில் இருப்பதை மூடிக்கொண்டே போகும். தனித் துண்டுப் பாறையிலோ பின்புறக் கண்ணாடியிலோ விடுவதுதான் வழக்கம். பவளக் கடையில் வேலை பார்ப்பவருக்கு இது தெரியாது என்றால் நான் நம்ப மாட்டேன். பெருகினால் வெட்டி எடுக்கவும் அவரைத்தானே கூப்பிட வேண்டும்?

என்னால் மன்னிக்க முடியாதது வேறொன்று. சோவாத் துண்டு பிளக்கில் சரியாக உட்காரவில்லை என்று எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்துக் கத்தியால் சுரண்டினார். கையுறை இல்லை, கண்ணாடி இல்லை. ஓர் அடி தள்ளி என் மகள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். "நாளைக்கு அதிகமாகப் படர்ந்தால் பாறையை எடுத்து வெந்நீரில் போட்டுவிடுங்கள் தம்பி, சுத்தமாகிவிடும்" என்று அறிவுரை வேறு. தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். சோவா, பாலிதோவா இனங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் இருக்கிறது. இயற்கையில் கிடைக்கும் மிகக் கொடிய நஞ்சுகளில் அது ஒன்று. வெட்டும்போது கண்ணில் தெறிக்கலாம், கைக் கீறல் வழியாக உள்ளே போகலாம். கொதிக்கவைத்தால் ஆவியோடு வீடு முழுக்கப் பரவும். 2018இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபர்ட்ஷயரில், ஸ்டீவென்டன் என்னும் கிராமத்தில் தொட்டியைச் சுத்தம் செய்த ஒரு குடும்பத்தினரும் உதவிக்கு வந்த மீட்புப் பணியாளர்களும் இதனால் மருத்துவமனைக்குப் போனார்கள். கையுறையும் கண் கவசமும் இல்லாமல் சோவாவைத் தொடும் கடைக்காரரை வீட்டுக்குள் விடாதீர்கள்.

பிறகு நடந்தது எதிர்பார்க்கக்கூடியதுதான். உச்சியிலிருந்த காளான்கள் விளிம்பைச் சுருட்டிக்கொண்டு நாணய அளவுக்குச் சுருங்கின, நிறம் வெளுத்தது. மணல் மூலையில் இருந்த சோவாக்களின் காம்புகள் நீண்டு, தலைகள் வெளிச்சம் வரும் பக்கம் சாய்ந்தன. இரண்டும் நேர் எதிரான அறிகுறிகள்: முதலாவது ஒளி மிகுதி, இரண்டாவது ஒளிப் பற்றாக்குறை. ஒளி மிகும்போது பவளம் தன் பாசிகளை வெளியேற்றிவிட்டு வெளுக்கிறது. ஒளி போதாதபோது எட்டிப் பார்க்கிறது. படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். ஒரே பதில்: "வெளிச்சம் போதவில்லை, ஆழம் அதிகம் அல்லவா." இரண்டாவது விளக்கு வந்தது. அதே குறுகிய லென்ஸ். முதல் விளக்கை ஒட்டியே மாட்டி, இரண்டையும் முழு வீச்சில் வைத்துவிட்டுப் போனார். நிறம் திரும்புவதற்கு என்று ஓர் அயோடின் புட்டியும் கொடுத்தார். நீரில் ஏற்கெனவே அயோடின் எவ்வளவு என்று பார்க்கவே இல்லை. காளான்களில் பாதி கூழாகிக் கரைந்தன.

இதற்கிடையில் தோல் பவளம் மூடிக்கொண்டது. தலையில் பூப்போல விரியும் பாலிப் ஒன்றுகூட வெளியே இல்லை. மேலே மெழுகு பூசியதுபோல் ஒரு பளபளப்பு. "அது போய்விட்டது, அழுகினால் தொட்டியே நஞ்சாகும், எடுத்துப் போட்டுவிட்டுப் புதியது வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார். தோல் பவளம் அவ்வப்போது இப்படி மூடிக்கொள்ளும். பாசியும் அழுக்கும் படிந்த மேற்படலத்தை உரித்துப் போட்டுவிட்டுத் திரும்ப விரியும். சில நாளும் ஆகலாம், இரண்டு வாரமும் ஆகலாம். பவளம் வளர்க்கும் நண்பர் ஒருவர் சொன்னபடி அலை மோட்டாரை லேசாக அதன் பக்கம் திருப்பினேன். படலம் கிழிந்து கிழிந்து நீரில் போனது, அடியில் புதுத் தோல் இருந்தது. உயிரோடு இருக்கும் பவளத்தைக் குப்பையில் போடச் சொல்லிவிட்டு அதே இனத்தை மறுபடி விற்கப் பார்த்த மனிதரிடம், அதன்பிறகு எனக்குப் பேச்சு இல்லை.

அந்த நண்பரே நீருக்குள் இறக்கும் 'பார்' அளவுமானியை இரவல் தந்தார். இரண்டாவது விளக்கை அணைத்துவிட்டு, விற்றவர் முதல் நாள் வைத்த நிலையிலேயே அளந்தோம். காளான்கள் இருந்த உச்சியில் 340. நடுவில் மணலில் 110. வலது மூலையில், தோல் பவளமும் சோவாவும் இருந்த இடத்தில், 18. காளான் பவளத்துக்கு 30 முதல் 75 வரை இருந்தால் தாராளம். சோவாவுக்கும் தோல் பவளத்துக்கும் 75 முதல் 150 வரை வைப்பது வழக்கம். அந்த மூன்று எண்களைப் பார்த்தால் யாருக்கு எங்கே இடம் என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அளவுமானி கடையிலும் இருந்தது; கல்லாவுக்குப் பின்னால் தொங்கியதைப் பார்த்தேன். வீட்டுக்குக் கொண்டுவரக் கேட்டபோது, "அது பெரிய தொட்டிக்காரர்களுக்கு" என்றார்.

இப்போதைய ஏற்பாடு இது. அகன்ற, 120 பாகை லென்ஸ் உள்ள இரண்டு விளக்குகள், நீளவாக்கில் இடைவெளி விட்டு. முதலில் நான்கில் ஒரு பங்கு வீச்சில் ஆரம்பித்து, வாரத்துக்குக் கொஞ்சமாக ஏற்றினேன். மிஞ்சிய காளான்கள் மணலில் தனிக் கற்களில் இருக்கின்றன. தோல் பவளமும் சோவாக்களும் பாறையின் இடைத்தட்டில், நீர்மட்டத்திலிருந்து ஒரு முழத்துக்குள். தோல் பவளம் நீரில் கசியவிடும் வேதிப்பொருள்கள் மற்றவற்றை வாட்டும் என்பதால் சம்ப்பில், அதாவது நீரை வடிகட்டும் துணைத் தொட்டியில், கரித்தூள் பை போட்டிருக்கிறேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: 75 செ.மீ. தொட்டியில் கை அடிவரை எட்டாது. அக்குள்வரை நனைந்த பிறகும் விரல் நுனிக்கும் மணலுக்கும் இடையே தூரம் இருக்கும். அடிக்கடி கவனிக்க வேண்டியது எதையும் கீழே வைக்காதீர்கள். நீள இடுக்கி ஒன்றையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து பொருத்துகிறேன் என்பவர் இடுக்கி இல்லாமல் வந்தால் அவர் ஆழத் தொட்டியில் வேலை செய்தவர் இல்லை.

பணத்தைப் பற்றி. கடையில் கேட்டபோது "உயிருள்ளவற்றுக்கு உத்தரவாதம் கிடையாது" என்ற ஒட்டுவில்லையைக் காட்டினார்கள். என் நீரில் குறை என்றார்கள். பவளத்துக்கு அவர்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கலாம். விளக்கு உயிருள்ள பொருள் இல்லை. குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்க 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த 'லெமன்' சட்டப்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் பொருளில் குறை தெரிந்தால் அது விற்கும்போதே இருந்ததாகத்தான் கருதப்படும். இல்லையென்று காட்ட வேண்டிய பொறுப்பு கடைக்காரருடையது. சிறு தொகைகளுக்கான நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை கோரலாம், இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. ரசீதில் "75 செ.மீ. பவளத் தொட்டிக்கு ஏற்றது" என்று அவர் கையாலேயே எழுதியிருந்தார், என் தொட்டியின் அளவைச் சொல்லி எழுதச் சொன்னது நான்தான். அந்த ஒரு வரியையும், அளவுமானி எண்களோடு எடுத்த படங்களையும், "வெளிச்சம் போதவில்லை" என்ற குறுஞ்செய்தியையும் அனுப்பிய பிறகு இரண்டாவது விளக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் கொடுத்தார்கள். முதல் விளக்குக்குப் பதிலாகக் கடையில் பவளம் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். மறுத்துவிட்டேன், அந்தத் தொகைக்கான கோரிக்கை இன்னும் நடுவர் மன்றத்தில் இருக்கிறது.