எஸ்எஸ்டி, றாம் மாற்றிய பழைய திங்பாட்: சி டிரைவுக்குப் பக்கத்தில் ஒரு துண்டு

பருத்தித்துறையில் இருக்கும் சிநேகிதன் போன கிழமை கேட்டான்: "மச்சான், உன்ர மாதிரி என்ர லப்டொப்புக்கும் எஸ்எஸ்டியும் றாமும் போடட்டோ? புதுசு வாங்கிற விலையிலயே இல்லை." எஸ்எஸ்டி என்றால் சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான சேமிப்பகம், றாம் என்றால் வேலை நடக்கும்போது பாவிக்கும் தற்காலிக நினைவகம். அவன் சொன்னது உண்மைதான். செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள் மெமரிச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியிலிருந்து றாம் விலை ஏறிக்கொண்டே இருக்கிறது, லப்டொப் விலையும் கூடவே ஏறுகிறது. அவனுக்கு வாட்ஸ்அப்பில் பதில் எழுதத் தொடங்கினேன். அது நீண்டு இப்படி ஆகிவிட்டது.

என்னுடையது லெனோவோ திங்பாட் ரி450. 2015 மாடல், ஐந்தாம் தலைமுறை ஐ5 புரொசெசர். பாவித்ததைத்தான் வாங்கினேன். வாங்கும்போது 4 ஜிபி றாம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். 2021 கடைசியில் அதை 16 ஜிபியாகவும் 1 ரெராபைட் எஸ்எஸ்டியாகவும் மாற்றினேன். டொலர் ஏறுவதற்கு முன்பே செய்துவிட்டதில் இன்றைக்கும் ஒரு திருப்தி.

என் தொழிலைச் சொன்னால்தான் மிச்சக் கதை விளங்கும். நான் பக்க வடிவமைப்புச் செய்கிறவன். கல்யாணக் காட், சாமத்தியவீட்டு அழைப்பிதழ், டியூட்டரி வினாத்தாள், எல்லாவற்றுக்கும் மேலாக அந்தியேட்டிக் கல்வெட்டு, அதாவது செத்தவரின் நினைவாக அச்சிடும் புத்தகம். செத்தவீடு நடந்து முப்பத்தோராம் நாள் புத்தகம் கையில் இருக்க வேண்டும். அந்தத் திகதியை ஒருவராலும் பின்போட முடியாது. எல்லாம் பேஜ்மேக்கர் 7 என்ற பழைய வடிவமைப்பு மென்பொருள், பாமினி என்ற, யூனிகோட் அல்லாத பழைய எழுத்துரு. யூனிகோட்டுக்கு மாறச் சொல்லி எனக்குப் புத்தி சொல்லாதவர்கள் இல்லை. மாறலாம். ஆனால் இருபது வருடக் கோப்புகள் மாறாதே. பாமினி இல்லாத கணினியில் அவற்றைத் திறந்தால் தேவாரமும் வம்ச வரலாறும் ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்து நிற்கும், ஒவ்வொரு மெய்யெழுத்தின் புள்ளிக்கும் பதிலாக ஓர் அரைப்புள்ளியுடன்.

இதனால்தான் யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியில் முதல் போன கடையில் எனக்குக் கோபம் வந்தது. மூடியைத் திறக்க முதலே தீர்ப்பு வந்துவிட்டது: "அண்ணை, போர்மட் அடிச்சால் எல்லாம் சரி வரும்." எங்கள் ஊரில் கணினிக்கு என்ன வருத்தம் என்றாலும் இதுதான் மருந்து: எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாகப் போடுவது. பேஜ்மேக்கர் சீடி எங்கே என்று எனக்கே தெரியாது, இந்த லப்டொப்பில் சீடி போட வழியும் இல்லை. அதைவிட, பேஜ்மேக்கர் படங்களைக் கோப்புக்குள் முழுதாக விழுங்கிக்கொள்வதில்லை. எந்த டிரைவில், எந்த ஃபோல்டரில் என்ற முகவரியைத்தான் வைத்திருக்கும். முகவரி மாறினால் படம் எங்கே என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். ஒரு கல்வெட்டில் எத்தனை பேரப்பிள்ளைகளின் படம் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்த கடையில் இருந்த தம்பி பேச்சைக் கேட்கிற ஆள். "இருந்தது இருந்தபடி வேணும், ஓர் எழுத்தும் அசையக்கூடாது" என்றேன். சரி, குளோன் செய்து, அதாவது டிஸ்க்கை அப்படியே பிரதியெடுத்துத் தருகிறேன் என்றான். முதலில் பழைய டிஸ்க்கின் ஆரோக்கியம் பார்த்தான். டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் மஞ்சள் எச்சரிக்கை விழுந்திருந்தால், குளோனுக்கு முதல் முக்கியக் கோப்புகளை வெளியே எடுத்துவிட வேண்டும். மஞ்சள் இல்லாவிட்டாலும் எடுப்பது நல்லது என்று எடுக்கவும் வைத்தான். விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்தினான். அது இயங்கினால் கணினி முழுதாக அணையாமல் அரைத் தூக்கத்தில் நிற்கும், குளோன் மென்பொருள் அந்த டிரைவைத் தொட மறுக்கும். பிறகு எஸ்எஸ்டியை யூஎஸ்பி பெட்டியில் பூட்டி, குளோன்சில்லா என்ற பிரதியெடுக்கும் மென்பொருளில் எது மூலம், எது இலக்கு என்பதை இரண்டு முறை வாய்விட்டு வாசித்தான். இதில் தலைகீழாக அழுத்தினால் வெறும் எஸ்எஸ்டி உங்கள் டிஸ்க்கின் மேல் பிரதியாகி, எல்லாம் போய்விடும்.

ரி450ஐத் திறக்க முதல் வெளிப் பட்டரியைக் கழற்றினால் மட்டும் போதாது. உள்ளே இன்னொன்று இருக்கிறது. விண்டோஸ் தொடங்க முதல் வரும் அமைப்புத் திரையான பயோஸுக்குள் போய் அதை நிறுத்திவிட்டுத்தான் கீழ்மூடியில் கைவைக்க வேண்டும். ஸ்குரூக்கள் மூடியோடேயே நிற்கும், தொலையாது. ஓரக் கொளுவிகளை ஒரு பழைய பாங்க் காட்டை விட்டு மெல்லத் தட்டி எடுத்தான். உள்ளே காற்றாடியில் சுன்னாகத்துச் செம்மண் அப்பியிருந்தது. தூரிகையால் தட்ட, மேசையில் சிவப்பாகக் கொட்டியது. றாம் விடயத்தில் ஒன்று மட்டும்: இந்த மெஷினுக்கு 1.35 வோல்ட் டிடிஆர்3எல்தான் வேண்டும். 1.5 வோல்ட் டிடிஆர்3 பார்க்க ஒரே மாதிரி இருக்கும், அதை நம்பி வாங்க வேண்டாம். லேபிளில் பிசி3க்குப் பின்னால் எல் என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள்.

வேகத்தைப் பற்றி எல்லோரும் சொல்வதைத்தான் நானும் சொல்வேன். முன்பு பட்டனை அழுத்திவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போவேன், இப்போது கதிரையை இழுத்து இருக்கும் முன்னமே வேலைக்குத் தயார். ஆனால் இந்த லப்டொப்பை நான் உண்மையில் வாழ்த்தியது 2022 மார்ச் கடைசியில், நாட்டில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டுப் போன நாட்களில். வெளிப் பட்டரி இரண்டு வைத்திருந்தேன். ஒன்று இறங்கினால் கழற்றி மற்றதைச் செருகுவேன். அந்த இடைவெளியில் உள் பட்டரி தாங்கும், கணினி அணையாது. ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் ஹைபர்நேட்டில் போட்டுவிடுவேன்; திறந்திருக்கும் வேலையை டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டுக் கணினி அணைந்துவிடும். திரும்பத் திறந்தால் பாதியில் விட்ட பக்கம் விட்ட இடத்தில் நிற்கும். அந்த மாதங்களில் ஒரு கல்வெட்டும் திகதி பிந்தவில்லை. பாமினி அசையவில்லை, ஒரு படமும் முகவரி கேட்கவில்லை. தம்பிக்கு இன்றைக்கும் நன்றி.

இனித்தான் என் எரிச்சல்.

"இருந்தது இருந்தபடி" என்றேன் அல்லவா, அப்படியேதான் வந்தது. பழைய டிஸ்க்கில், விண்டோஸ் குடியிருக்கும் சி டிரைவுக்கு அடுத்ததாக, விண்டோஸ் பழுதானால் பாவிக்கும் மீட்புப் பகுதி ஒன்று இருந்தது, அரை ஜிபி அளவில். குளோனிலும் அது சிக்கு அடுத்ததாகவே வந்து குந்திக்கொண்டது. அதற்கு அப்பால்தான் புதிய எஸ்எஸ்டியின் வெறும் இடம் முழுக்க. டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் விண்டோஸ் கருவியான டிஸ்க் மனேஜ்மென்ட், வலப்பக்கம் ஒட்டியபடி வெறும் இடம் இருந்தால் மட்டுமே சியை நீட்ட விடும். நடுவில் எதுவும் இருந்தால் அந்தத் தெரிவே மங்கிப்போய்க் கிடக்கும். சொந்தக் காணிக்கு நடுவே அரைப் பரப்பு வேறொருவர் பேரில் இருந்தால் எப்படி? அப்படித்தான். "பரவாயில்லை அண்ணை, மிச்சத்தைத் தனி டி டிரைவாகப் போட்டுவிடுறன்" என்றான் தம்பி. போட்டும் விட்டான்.

அன்றிலிருந்து என் டியில் ஐந்நூறு ஜிபிக்கு மேல் வெறுமனே கிடக்கிறது, சி நிரம்பிச் சிவந்து நிற்கிறது. படங்கள் வாட்ஸ்அப்பில் வரும், சிக்குப் போகும். டவுன்லோட்ஸ் சியில், டெஸ்க்டொப் சியில். பழைய வேலைகளை டிக்கு நகர்த்தினால் பேஜ்மேக்கர் பேரப்பிள்ளைகளைத் தேடத் தொடங்கும். இன்னொரு கூத்து, றாமைக் கூட்டியதால் சி இன்னும் சுருங்கியது. ஹைபர்நேட் கோப்பு வழக்கமாக றாமின் நாற்பது வீதம்; 16 ஜிபிக்கு ஆறரை ஜிபி அளவில் அது சிக்குள்ளேயே இடம் பிடிக்கும். நிறுத்தலாம். நிறுத்தினால் கரண்ட் போகும் நாளில் என் அரைப் பக்கத்தை யார் காப்பாற்றுவது?

வழி இல்லாமல் இல்லை. டியைக் காலி செய்து நீக்க வேண்டும், மீட்புச் சூழலை நிறுத்த வேண்டும், டிஸ்க்பார்ட் என்ற விண்டோஸ் கட்டளைக் கருவியால் அந்த மீட்புத் துண்டை அழித்து சியை நீட்ட வேண்டும். தெரிந்தவர்களுக்கு ஒரு பின்னேர வேலை. ஆனால் எந்தப் பின்னேரம்? கையில் கல்வெட்டு இல்லாத கிழமை எனக்கு வருவதில்லை, ஓடுகிற பேஜ்மேக்கரில் கைவைக்க மனமும் வருவதில்லை. அதனால் மாதத்துக்கு ஒருமுறை சியைத் துடைக்கிறேன், துடைக்கும்போதெல்லாம் திட்டுகிறேன்.

இனி மச்சானுக்கு. உன்னிடம் பேஜ்மேக்கர் இல்லை, படமும் வீடியோவும்தான். அவற்றை வெளி டிஸ்க்கில் எடுத்துவை, எஸ்எஸ்டி மட்டும் வாங்கு, புதிதாக விண்டோஸ் போடு. ஓம், போர்மட்தான் சொல்கிறேன், சிரிக்காதே. குளோன்தான் வேண்டுமென்றால், பகுதிகளை விகிதப்படி பெருப்பிக்கும் தெரிவு குளோன்சில்லாவில் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்கு. உனக்கு 8 ஜிபி இருக்கிறது, இன்றைய விலையில் றாமைத் தொடாதே. உன்னுடையதும் எட்டாம் தலைமுறைக்கு முந்தியது, விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. அதற்குள் அதிகம் காசு கொட்டாதே. பழைய டிஸ்க்கை ஒரு மாதமாவது அழிக்காமல் வை.

இந்த லப்டொப்புக்கு ஐந்துக்கு எத்தனை புள்ளி போடுவாய் என்றும் கேட்டாய். நேற்றிரவு அட்டைப் படத்தைச் சேமிக்கும் நேரத்தில் சி இடமில்லை என்றது. ஆகவே இன்றைக்கு ஐந்துக்கு இரண்டு. கடைசியில், உன்னுடையதை விற்பாயா என்றும் கேட்டிருந்தாய். விற்கமாட்டேன்.