நார்வே முன்னோரைத் தேடுபவர்களுக்கு: சர்ச் பதிவேடா, சென்சஸா?

அமெரிக்காவில் மினசோட்டா, விஸ்கான்சின் பக்கம் நாலு பேரிடம் பேச்சுக் கொடுத்தால் ஒருவராவது "எங்கள் கொள்ளுத்தாத்தா நார்வேக்காரர்" என்பார். 1825-இல் நார்வேயின் ஸ்டவாங்கரிலிருந்து ஒரு சின்னக் கப்பல் நியூயார்க் கிளம்பியதில் தொடங்கி, அடுத்த நூறு வருடத்தில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்த நாட்டை விட்டுப் போனார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் அந்தக் குடும்பங்களில் கல்யாணம் செய்தவர்களும் இப்போது வேர் தேடுகிறார்கள். எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, சர்ச் பதிவேட்டில் தொடங்குவதா, சென்சஸில் தொடங்குவதா என்பதுதான். நார்வே தேசிய ஆவணக் காப்பகத்தின் டிஜிட்டல்ஆர்கிவெட் தளத்தில் இரண்டுமே இலவசம். காசு பிரச்சினை இல்லை, செலவாகப் போவது உங்கள் நேரமும் கண்ணும்தான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆள் எந்த ஊர் என்று பிடிக்க சென்சஸ், அது நம் ஆள்தான் என்று உறுதி செய்ய சர்ச் பதிவேடு. ஒன்றை மட்டும்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு சர்ச் பதிவேட்டைத்தான் எடுப்பேன்.

சென்சஸின் பெரிய வசதி, கையெழுத்தைப் படித்து யாரோ ஏற்கெனவே தட்டச்சு செய்து வைத்துவிட்டார்கள் என்பது. பெயரை அடித்தால் பட்டியல் வரும். குடும்பம் மொத்தமும் ஒரே இடத்தில் இருக்கும்: வீட்டுக்காரர், மனைவி, பிள்ளைகள், வேலைக்காரப் பெண், பின்கட்டில் ஓய்வெடுக்கும் கிழவர். நாட்டில் எல்லோரையும் பெயர் சொல்லி எழுதிய முதல் கணக்கெடுப்பு 1801. அதில் பிறந்த ஊர் இருக்காது, ஆனால் எத்தனையாவது கல்யாணம் என்று இருக்கும். ஒருவர் இரண்டாம் தாரம் கட்டியவர், மூத்த மூன்று பிள்ளைகள் முதல் தாரத்துப் பிள்ளைகள் என்பதெல்லாம் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். வேறு இடத்தில் அதைக் கண்டுபிடிக்க வாரக்கணக்கில் அலைய வேண்டும்.

எனக்குப் பிடித்தது 1865. பிறந்த பங்கு (ஒரு சர்ச்சுக்கு உட்பட்ட ஊர்ப்பகுதி) எது என்று கேட்டிருக்கிறார்கள், அது ஒன்றே போதும். கூடவே எத்தனை குதிரை, மாடு, ஆடு, பன்றி, எவ்வளவு பார்லி, ஓட்ஸ், உருளைக்கிழங்கு விதைத்தார்கள் என்ற கணக்கும் உண்டு. ஒரு மாடு, நாலு ஆடு, கொஞ்சம் உருளைக்கிழங்கு, அடுத்தவன் பண்ணையில் குடிசை, ஆறு பிள்ளைகள் என்று ஒரு பக்கத்தைப் பார்த்தால் அந்த வீட்டுப் பையன்கள் ஏன் கப்பல் ஏறினார்கள் என்று தனியாக யாரும் விளக்க வேண்டாம். சர்ச் பதிவேட்டில் இந்த வாசனையே கிடைக்காது.

ஆனால் ஓட்டை பெரியது. 1801-க்கு அப்புறம் ஊர் முழுக்கப் பெயரோடு எழுதியது 1865-இல்தான். நடுவில் 1815 முதல் பத்து வருடத்துக்கு ஒருமுறை எண்ணினார்கள், ஆனால் பெரும்பாலும் தலைகளை மட்டும். 1805-இல் பிறந்து 1850-இல் அமெரிக்கா போன ஒருவர் நார்வேயின் இந்தக் கணக்கெடுப்புகள் எதிலும் பெயரோடு வரமாட்டார்! முதலில் கிளம்பிய தலைமுறைதான் அது, அவர்களைத் தேடித்தான் பாதிப் பேர் வருகிறார்கள்.

அடுத்தது பெயர்க் குழப்பம். ஹான்ஸின் மகன் ஓலே என்றால் ஓலே ஹான்சென், ஓலேயின் மகள் மாரிட் என்றால் மாரிட் ஓல்ஸ்டாட்டர். நம் ஊர் இனிஷியல் மாதிரிதான், தலைமுறைக்குத் தலைமுறை மாறும். அதற்குப் பின்னால் வரும் பண்ணைப் பெயர் குடும்பப் பெயர் இல்லை, விலாசம். பண்ணை மாறினால் பெயரும் மாறும். குடும்பத்துக்கு ஒரே நிலையான பெயர் வேண்டும் என்று சட்டம் வந்தது 1923-இல்தான். ஆகவே 1865-இல் "ஓலே ஹான்சென், 34" என்று தேடினால் வந்து விழும் கூட்டத்தில் யாரைப் பிடிப்பது? இதில் ஒரு நல்லதும் உண்டு: கிராமத்துப் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் அப்பா பெயரையே வைத்துக்கொண்டதால் மனைவியின் அப்பா பெயர் தானாகக் கிடைத்துவிடும். தேடும்போது கணவன், மனைவி இரண்டு பெயரையும் சேர்த்துப் பாருங்கள், கூட்டம் சட்டென்று குறையும். இன்னொன்று, 1801-இலும் 1865-இலும் நடப்பு வயதைத்தான் எழுதினார்கள், 34 என்றால் 33 முடிந்து 34 நடக்கிறது. 1875-இல் பிறந்த வருடம் கேட்டார்கள், 1910-இல்தான் முழுப் பிறந்த தேதி வந்தது.

இனி சர்ச் பதிவேடு. இருப்பதில் மிகப் பழையது வெஸ்ட்ஃபோல்டில் உள்ள ஆண்டெபூ பங்கினுடையது, 1623-இல் தொடங்குகிறது. 1680-களின் இறுதியில் போதகர்கள் கட்டாயம் எழுத வேண்டும் என்று ஆனது, ஆனாலும் பல இடங்களில் 1700-க்குப் பிறகுதான் ஏதாவது மிஞ்சியிருக்கிறது. 1814 வரை நார்வே டென்மார்க் அரசரின் கீழ் இருந்தது (அதே அரசர்தான் நம் தரங்கம்பாடிக்கும் அரசர்), அதனால் எழுதியது டேனிஷ் மொழியில், கோதிக் கையெழுத்தில். பழைய பக்கங்களில் தேதிகூட இருக்காது, "திரித்துவத்துக்குப் பின் மூன்றாம் ஞாயிறு" என்று லத்தீனில் சுருக்கி எழுதியிருப்பார்கள், அந்த வருடத்து ஈஸ்டரை வைத்து நீங்கள் கணக்குப் போட வேண்டும். எரிச்சல்தான். பெயரை அடித்துத் தேடும் வசதியும் எல்லாப் புத்தகங்களுக்கும் வரவில்லை, பல பங்குகளுக்குப் படங்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டத்தான் வேண்டும், அதற்கு எந்தப் பங்கு என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு ஏன் அதை உயர்த்திப் பேசுகிறேன்? ஒரு ஞானஸ்நான வரியைப் பாருங்கள். பிள்ளை பிறந்த நாள், பெயர், பெற்றோர் பெயர், பண்ணை, முறையாகப் பிறந்ததா இல்லையா, அதற்கு அடுத்து ஞானஸ்நானத்துக்குச் சாட்சியாக நின்ற ஞானப் பெற்றோர் நாலைந்து பேரின் பெயரும் ஊரும். கடைசிப் பத்திதான் தங்கம். ஞானப் பெற்றோர் பெரும்பாலும் அத்தை, மாமா, சித்தப்பா, பக்கத்துப் பண்ணைக்காரர். ஒரே ஊரில் இரண்டு ஓலே ஹான்சென் இருந்தால் அவர்களைப் பிரித்துக் காட்டுவது இவர்கள்தான். சென்சஸில் அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள் மட்டும்தான், வேறு பண்ணையில் வாழும் அத்தை வரமாட்டாள்.

திடப்படுத்தல் (வளர்ந்த பிள்ளை சர்ச்சில் தன் விசுவாசத்தை உறுதி செய்யும் சடங்கு) பதிவையும் விடாதீர்கள். 1736 முதல் அது கட்டாயம். 1810-க்குப் பிறகு அம்மைக் குத்தியதற்கான சான்று இல்லாமல் திடப்படுத்தலும் கிடையாது, கல்யாணமும் கிடையாது, அதனால் அந்தத் தேதியும் பதிவேட்டில் ஏறியது. பதினைந்து வயதில் அந்தப் பையன் உயிரோடு இருந்தான், எந்தப் பண்ணையில் இருந்தான் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேறு இல்லை.

சர்ச் எரிந்தால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். 1812 வாக்கில் ஒரு ஏற்பாடு வந்தது: போதகர் ஒரு புத்தகம், கோயில்பிள்ளை (சர்ச் உதவியாளர்) இன்னொரு நகல், இரண்டும் இரவில் ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது. ஒன்றில் மை கலங்கியிருந்தால் மற்றொன்றைத் திறங்கள். கோயில்பிள்ளையின் கையெழுத்து சில ஊர்களில் போதகருடையதைவிட அழகு.

இரண்டும் முரண்பட்டால்? பிறந்த தேதிக்கு ஞானஸ்நானப் பதிவுதான், சம்பவம் நடந்த வாரங்களிலேயே எழுதியது. சென்சஸ் வயது யாரோ வாசலில் நின்று சொன்னது. ஆனால் இறப்புப் பதிவில் உள்ள வயதை நம்பி ஏமாறாதீர்கள், அதுவும் வாய்வார்த்தைதான். இடம்பெயர்வு விஷயத்திலும் சர்ச் பதிவேடு சோம்பேறி: வந்தவர் போனவர் பட்டியல் உண்டு, பலர் அதில் பெயர் கொடுக்காமலே நடையைக் கட்டினார்கள். அப்படித் தொலைந்தவரை மறுபடி பிடிக்க 1875, 1891, 1900 சென்சஸ்தான் வழி. கப்பல் ஏறியவர் என்றால் கிறிஸ்டியானியா (இன்றைய ஒஸ்லோ), ட்ரொன்ஹெய்ம் துறைமுகங்களில் 1867 முதல் போலீஸ் வைத்திருந்த வெளியேறுவோர் பதிவேடு இரண்டையும்விட உதவும்.

இரண்டையும் தவிர்த்துக் குறுக்குவழி தேடுபவர்கள் பிக்டெபூக் என்ற ஊர்ப் பண்ணை வரலாற்று நூல்களுக்குப் போவார்கள். பண்ணை வாரியாக யார் யார் வாழ்ந்தார்கள் என்று தொகுத்து வைத்திருப்பார்கள், பிரமாதமான வேலை. ஆனால் பல நூல்களில் நிலம் வைத்திருந்தவனுக்கு அரைப் பக்கம், குடிசைக்காரனுக்கு ஒரு வரி, சில சமயம் அதுவும் இல்லை. அமெரிக்கா போனவர்களில் பலர் அந்தக் குடிசைகளிலிருந்துதான் போனார்கள்.

1920-க்குப் பிறகு நார்வேயிலேயே தங்கிய கிளையைத் தேடுபவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். சென்சஸுக்கு நூறு வருட ரகசியக் காலம், 1920 கணக்கு 2020 டிசம்பரில்தான் திறந்தது, 1930-க்கு 2030 டிசம்பர் வரை காத்திருக்கத்தான் வேண்டும்.