படத்துக்கு நட்சத்திரம் இட்டால் பணம் என்று வந்த அழைப்பும் நான் இழந்த ரூ.1,23,550-உம்

திண்டுக்கல்லில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். வேலை முடிந்து வீடு திரும்பியதும் ஒரு படமோ இணையத் தொடரின் ஒரு பகுதியோ பார்ப்பதும், மனத்தில் பட்டதை நான்கைந்து வரிகளில் நோட்டில் எழுதி வைப்பதும், அவற்றில் சிலவற்றை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவதும் என் பல ஆண்டுப் பழக்கம். விமர்சனம் எழுதும் பயிற்சி எனக்கு இல்லை. பார்த்ததை உள்ளபடி சொல்வேன், அவ்வளவுதான். ‘காக்கா முட்டை’யில் அந்தச் சிறுவர்கள் ஒரு பீட்சாவுக்காகக் காசு சேர்க்கும் காட்சிகளை என் வீட்டுக் கதையைப் போலப் பார்த்தேன் என்றும், ‘96’ படத்தின் அந்த ஓர் இரவு எனக்குச் சற்று நீண்டுவிட்டது என்றும், ‘சுழல்’ தொடரின் முதல் பருவத்தின் எட்டுப் பகுதிகளில் குற்றக் கதையைவிட மயானக் கொள்ளைத் திருவிழா வரும் இடங்களே என்னை இழுத்துப் பிடித்தன என்றும் எழுதியிருக்கிறேன். ‘மெட்டி ஒலி’யை மறு ஒளிபரப்பில் பார்த்தபோது, ஐந்து பெண்களைப் பெற்ற அந்தத் தந்தையின் பொறுமை முன்பு என்னை உருக்கியதற்கு மாறாக இப்போது கோபமூட்டுகிறது என்று எழுதியதற்கு உறவினர் சிலர் வருத்தப்பட்டார்கள். ஆனாலும் பிடிக்காத ஒன்றைப் பிடித்தது என்று நான் எழுதியதில்லை. இதையெல்லாம் இங்கே சொல்லக் காரணம் உண்டு. என்னை ஏமாற்றியவர்கள் நுழைந்தது இந்தப் பழக்கத்தின் வழியாகத்தான்.

கடந்த ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, வெளிநாட்டுக் குறியீட்டுடன் தொடங்கும் ஓர் எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. தாங்கள் ஒரு திரைப்பட விளம்பர நிறுவனத்தின் ஆள்சேர்ப்புப் பிரிவு என்றும், உங்களைப் போன்ற சாதாரணப் பார்வையாளர்களின் நேர்மையான கருத்துதான் தங்களுக்குத் தேவை என்றும், வீட்டிலிருந்தபடியே படங்களுக்கும் தொடர்களுக்கும் மதிப்பெண் இட்டால் நாளொன்றுக்கு ரூ.1,500 முதல் ரூ.3,000 வரை கிடைக்கும் என்றும் அதில் இருந்தது. இதே வாசகம், ஓர் எழுத்துகூட மாறாமல், பல பேருக்குப் போயிருக்கிறது என்பதைப் பின்னர் சைபர் குற்றப் பிரிவில் அறிந்துகொண்டேன். அன்றைக்கோ, என் ஸ்டேட்டஸை யாரோ படித்து எனக்கென்றே எழுதியதாக நினைத்தேன்.

நம்புவதற்கு வெளிக் காரணமும் இருந்தது. ஒரு படத்தைப் பற்றி முதல் சில நாட்களில் எழும் பேச்சுக்கு விலை உண்டு என்பதை நாம் எல்லோரும் அறிவோம். 2024ஆம் ஆண்டின் இறுதியில், படம் வெளியான முதல் மூன்று நாட்களுக்கு இணையத்தில் விமர்சனம் வெளியிடத் தடை கோரித் தமிழ்த் தயாரிப்பாளர்கள் சங்கம் ஒன்று சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்ற செய்தியை நான் படித்திருந்தேன். கெட்ட பேச்சைத் தடுக்க வழக்குப் போடுகிறவர்கள் நல்ல பேச்சுக்குக் காசு கொடுக்கவும் செய்வார்கள்தானே என்று என் மனம் கணக்குப் போட்டது.

முதலில் மூன்று படங்களின் சுவரொட்டிகளை அனுப்பி, ஒவ்வொன்றுக்கும் நட்சத்திரம் இட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொன்னார்கள். அனுப்பியதும் படத்துக்கு ரூ.50 வீதம் ரூ.150 என் கணக்கில் வந்து விழுந்தது. அந்த ரூ.150 வந்திராவிட்டால் நான் அன்றே விலகியிருப்பேன். பிறகு டெலிகிராமில் ஒரு குழுவில் சேர்த்து, எனக்கென்று ஒரு ‘வழிகாட்டி’யையும் அமர்த்தினார்கள். அந்தப் பெண், அல்லது பெண் பெயரில் எழுதிய அந்த ஆள், என்னை மேடம் என்று அழைத்தார். பிழையற்ற தமிழில், பொறுமையாக எழுதினார்.

அவர்கள் தந்த இணையதளத்தில் நாற்பது படங்கள் ஒரு ‘செட்’. அதைத் திறந்த முதல் நாளே மூன்று விஷயங்கள் என் கண்ணில் உறுத்தின. ‘புதிய வெளியீடு, விளம்பரத் தேவை அவசரம்’ என்ற தலைப்பின் கீழ் 2015இல் வந்த ‘காக்கா முட்டை’ இருந்தது. இணையத் தொடரான ‘அயலி’, எட்டுப் பகுதிகள் கொண்டது, இரண்டு மணி நேரத் திரைப்படம் என்று போடப்பட்டிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு படத்துக்கு நான் மூன்று நட்சத்திரம் இட்டபோது தளம் அதை ஏற்கவில்லை. ஐந்தை அழுத்தினால்தான் அடுத்த படம் வந்தது. வழிகாட்டியிடம் கேட்டேன். “விளம்பரதாரர் ஐந்துக்குத்தான் பணம் கட்டியிருக்கிறார், மேடம்” என்று பதில் வந்தது. நேர்மையான கருத்து வேண்டும் என்று அழைத்துவிட்டு ஐந்து நட்சத்திரத்தை மட்டுமே ஏற்கும் இடத்தில், நான் அந்த நிமிடமே எழுந்து வந்திருக்க வேண்டும். வரவில்லை. பார்த்திராத படங்களுக்கெல்லாம், படம் ஒன்றுக்குச் சில விநாடிகளில், ஐந்து ஐந்தாக இட்டுக்கொண்டே போனேன். இழந்த பணத்தைவிட இது என்னை அதிகம் வருத்துகிறது என்று சொன்னால் வீட்டில் இருப்பவர்களுக்குப் புரிவதில்லை.

புதன்கிழமை, சம்பளம் அதிகமாக வேண்டுமானால் கணக்கை ‘ரீசார்ஜ்’ செய்ய வேண்டும் என்றார்கள். ரூ.2,000 அனுப்பினேன், ரூ.2,800 ஆகத் திரும்பி வந்தது. ரூ.5,000 அனுப்பினேன்; ரூ.6,500 வந்தது. குழுவில் இருந்த மற்றவர்களும் தங்களுக்கு வந்த தொகைகளின் படங்களைப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒருவர் மகளின் கல்லூரிக் கட்டணத்தை இதிலேயே கட்டிவிட்டதாக எழுதினார். அந்தக் குழுவில் என்னைத் தவிர மற்ற அனைவருமே அவர்களுடைய ஆட்களாக இருந்திருக்கக்கூடும் என்று காவல்துறையில் சொன்னபோதுதான், அக்கா அக்கா என்று எனக்கு ஊக்கம் தந்த அந்தக் குரல்களை நினைத்து உடல் நடுங்கியது.

வியாழக்கிழமை இருபத்தேழாவது படத்தில் இரண்டு படங்கள் ஒன்றாக ஒட்டி வந்தன. இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘காம்போ டாஸ்க்’. வந்தவுடன் என் கணக்கின் இருப்பு சிவப்பு எழுத்தில் மைனஸ் 12,000 என்று மாறியது. அந்தத் தொகையைக் கட்டினால்தான் அடுத்த படம் திறக்கும். நாற்பதும் முடிந்தால்தான் உள்ளே இருக்கும் பணத்தை வெளியே எடுக்க முடியும். கட்டினேன். முப்பத்தொன்றாவது படத்தில் மைனஸ் 28,000. கட்டினேன். வெள்ளிக்கிழமை முப்பத்தாறாவது படத்தில் மைனஸ் 46,000. மகளின் கல்லூரிக்கென்று ஒதுக்கி வைத்திருந்த பணம் அதில் போனது. இந்த ஏமாற்றின் இயக்கமே இதில்தான் இருக்கிறது. புதிதாக ஆசைப்பட்டு யாரும் பெரிய தொகையைக் கட்டுவதில்லை. ஏற்கெனவே கட்டியதை மீட்கத்தான் அடுத்ததைக் கட்டுகிறோம், அடுத்தது எப்போதும் முந்தையதைவிடப் பெரியதாகவே வருகிறது.

நாற்பதையும் முடித்துப் பணம் கேட்டபோது, நான் அரை மணி நேரத்துக்குள் தொகை கட்டாமல் தாமதித்ததால் என் ‘கிரெடிட் ஸ்கோர்’ 80 ஆகக் குறைந்துவிட்டது என்றும், புள்ளிக்கு ரூ.2,000 வீதம் ரூ.40,000 கட்டி அதை 100 ஆக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். வளையல் இரண்டை அடகு வைத்து அதையும் அனுப்பினேன். சனிக்கிழமை காலை தளத்தில் என் பெயருக்கு நேரே ரூ.2,08,000 இருந்தது. அதை எடுக்க 30 விழுக்காடு வரியாக ரூ.62,400 முன்கூட்டியே கட்ட வேண்டும் என்றார்கள்.

அன்று இரவு தங்கையிடம் கடன் கேட்டேன். அவள் எதற்கு என்று கேட்டாள், சொன்னேன். “அக்கா, நீ கடையில் வருஷக்கணக்கா டிடிஎஸ் எழுதறவ. வரியை எந்த நிறுவனமாவது உன்கிட்ட முன்னாடியே வாங்குமா, குடுக்கற காசுலதானே பிடிச்சுக்கும்?” என்றாள். அந்த ஒரு கேள்வியில் எல்லாம் விளங்கியது. பிடித்தம் செய்த வரியைப் பணம் தருகிறவர்தான் அரசுக்குச் செலுத்த வேண்டும். அதை யாரோ ஒருவரின் யுபிஐ முகவரிக்கு அனுப்பச் சொல்ல எந்தச் சட்டமும் இல்லை. எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் இது. மேலும், நான் பெரிய தொகைகளை அனுப்பிய ஒவ்வொரு முறையும் பெறுநரின் பெயர் வேறாக இருந்தது: ஒருமுறை ஒரு பழக்கடை, ஒருமுறை ஒரு டிராவல்ஸ், இருமுறை தனிநபர்கள். கடையில் ஒரு சரக்கு நிறுவனம் இப்படிப் பெயர் மாற்றி மாற்றிப் பணம் கேட்டிருந்தால் முதலாளியைக் கேட்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பியிருக்க மாட்டேன்.

அந்த இரவே 1930 என்ற எண்ணை அழைத்தோம். இணையப் பண மோசடிகளுக்கென்று மத்திய அரசு நடத்தும் உதவி எண் இது. எந்த வங்கியிலிருந்து, எந்தக் கணக்குக்கு, எந்த நேரத்தில், எவ்வளவு என்பதோடு ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் உரிய 12 இலக்க எண்ணையும் கேட்டார்கள். அவற்றை முன்பே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு அழைப்பது நல்லது; நாங்கள் தேடித் தேடிச் சொன்னதில் நேரம் போனது. பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் எழுத்துப்பூர்வமாகப் பதிவு செய்தோம். இந்த அமைப்பின் பயனே, பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்கு உடனே தகவல் சென்று, கணக்கில் மிச்சம் இருக்கும் தொகை நிறுத்திவைக்கப்படுவதுதான். ஆனால் அனுப்பிய பணம் சில நிமிடங்களிலேயே அடுத்தடுத்த கணக்குகளுக்குப் பிரிந்து போய்விடும் என்றும், அவற்றில் பல கமிஷனுக்கு வாடகைக்கு விடப்பட்ட கணக்குகள் என்றும் விசாரணை அதிகாரி விளக்கினார். நான் முதல் பெரிய தொகையை அனுப்பி இரண்டு நாள் கழித்து அழைத்தேன். ரூ.17,300 மட்டும் ஒரு கணக்கில் சிக்கியது. அதுவும் நீதிமன்ற உத்தரவு பெற்ற பிறகுதான் கைக்கு வரும் என்று அப்போது சொன்னார்கள்.

என் வங்கிக் கிளையில் ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கையைக் காட்டிக் கேட்டுப் பார்த்தேன். வாடிக்கையாளருக்குத் தெரியாமல் நடந்த பரிவர்த்தனைகளை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் கிடைக்கும் பாதுகாப்பு அது. நானே ரகசிய எண்ணை இட்டு அனுப்பிய பணத்துக்கு அது பொருந்தாது என்றார்கள். வழக்கு, கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்கான தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு உட்பட, பதிவாகியிருக்கிறது.

பிழையற்ற தமிழில் எழுதிய அந்த வழிகாட்டியைப் பற்றி நான் அடிக்கடி நினைக்கிறேன். வேலை என்று நம்பி அழைத்துச் செல்லப்பட்டு, மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்ட தமிழ் இளைஞர்கள் சிலர் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னை வந்தார்கள். என்னிடம் எழுதியவர் எங்கே இருந்தார், விரும்பிச் செய்தாரா என்பதை நான் அறிய வழியில்லை. அதற்காக என் கோபம் குறையவும் இல்லை.

படம் பார்க்கும் பழக்கமுள்ள நண்பர்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஐஎம்டிபி போன்ற திரைப்படத் தகவல் தளங்களில் யார் வேண்டுமானாலும் இலவசமாக ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் இடலாம். அவர்கள் காட்டும் மதிப்பெண்கூட வெறும் சராசரி அல்ல, சந்தேகத்துக்குரிய வாக்குகளின் பாதிப்பைக் குறைக்கும் எடையிட்ட சராசரி. அங்கே நம் ஒரு நட்சத்திரத்துக்கு ரூ.50 தர யாருக்கும் தேவை இல்லை. 2023 டிசம்பரில் மத்திய உள்துறை அமைச்சகத்தின் பரிந்துரையின்பேரில் இத்தகைய பகுதிநேர வேலை மோசடித் தளங்கள் 100க்கும் மேற்பட்டவை முடக்கப்பட்டன. அதன் பிறகும் என்னைப் போன்றவர்களுக்கு அழைப்பு வந்துகொண்டுதான் இருக்கிறது. படத்துக்குப் பதிலாக ஹோட்டல், யூடியூப் காணொளி, வரைபடத்தில் கடைகள் என்று பொருள் மாறும். மைனஸ் இருப்பு மாறாது.

பணத்தைப் பறிகொடுத்தவர்களைக் குறிவைத்து இன்னொரு கூட்டமும் இருக்கிறது. புகார் கொடுத்த மூன்றாம் வாரம், இழந்த தொகையை மீட்டுத் தருவதாகவும் கோப்புக் கட்டணம் ரூ.4,500 மட்டுமே என்றும் ஒருவர் என்னை அழைத்தார். என் பெயரும் இழந்த தொகையும் அவருக்குத் தெரிந்திருந்தன. பேசாமல் துண்டித்துவிட்டு அந்த எண்ணையும் விசாரணை அதிகாரியிடம் கொடுத்தேன்.

இந்த வாரம் அதே வாசகம் என் தங்கையின் எண்ணுக்கு வந்தது. சாதாரணப் பார்வையாளர்களின் நேர்மையான கருத்து தேவை என்ற அதே முதல் வரி. பதில் எழுதாமல், மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உள்ள சக்ஷு பகுதியில் அந்த எண்ணைப் புகாராகப் பதிவு செய்தோம். பணம் போகாத நிலையில் சந்தேகத்துக்குரிய செய்திகளைத் தெரிவிக்க வேண்டிய இடம் அதுதான். அவளுடைய கைப்பேசியிலேயே ஐந்து நிமிடத்தில் முடிந்தது.